மீலாது என்னும் சொல்லும் ஃபானூஸ் என்னும் விளக்கும்

டிசம்பர்த் திங்களின் இறுதியில் உலகத்தின் பெரும்பகுதி கொண்டாடும் திருநாளைத் தமிழில் கிறிஸ்துமஸ் என்று வழங்குகிறோம். எகிப்திலும் ஷாமிலும் இராக்கிலும் வாழும் கிறித்தவர்கள் அதனை 'ஈதுல் மீலாது' என்று அழைக்கின்றனர். மீலாது என்னும் சொல் நமக்கு அயலானதன்று. ரபீஉல் அவ்வல் பிறை பிறந்துவிட்டால் நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் அறிவிப்புகளில் நாம் காண்பது அதே சொல்தான். 'வலத' என்னும் அரபு வேரிலிருந்து கிளைத்தவையே மீலாதும் மவ்லிதும். பிறப்பு என்பதே இரண்டிற்கும் அடிப்படைப் பொருள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிறப்பை நினைவுகூர நாம் எடுத்தாளும் சொல்லையே, ஈசா நபி (அலை) அவர்களின் பிறப்பை நினைவுகூர அரபுக் கிறித்தவர்கள் எடுத்தாளுகின்றனர்.

இதனை நம் இல்லங்களில் பலர் அறியார். கடைவீதியில் பஞ்சால் செய்த பனியையும், சிவப்பு அங்கி அணிந்த வெண்தாடிக் கிழவரையும், விளக்குகள் பூட்டிய ஊசியிலை மரத்தையும் காணும் நம் பிள்ளைகள், இத்திருநாள் ஐரோப்பாவில் தோன்றி ஐரோப்பியரால் கொண்டுவரப்பட்டது என்றே எண்ணிக்கொள்கின்றனர். பெரியவர்களிலும் சிலர், இதைப்பற்றி நம் முன்னோர் நூல்களில் ஒரு வரியும் இராது என்று கருதுகின்றனர். இரண்டு எண்ணங்களும் பிழையானவை. இத்திருநாள் கிழக்கில் தோன்றியது. அரபு மண்ணில் அது கொண்டாடப்பட்ட விதத்தைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்களுள் நம் அறிஞர்கள் முன்னிற்கின்றனர். அவர்கள் எழுதியவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஈசா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்பது நம் ஈமான். அவரை இறைமகன் என்று கொள்ளும் கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிவது வேறு, அதன் கொள்கையை ஏற்பது வேறு. இவ்விரண்டின் எல்லையை நன்கறிந்திருந்தமையால்தான் நம் முன்னோர் அஞ்சாமல் எழுதினர்.

திருமறை சொல்லும் பிறப்பு

திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் மர்யம் (அலை) அம்மையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 98 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தில், பேறுகால வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சென்றதும், தனிமையிலும் துயரத்திலும் அவர் கலங்கியதும், கீழே நீரூற்று ஓடுவதாகவும் மரத்தை உலுக்கினால் கனிந்த பழங்கள் உதிரும் என்றும் அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டதும் கூறப்படுகின்றன. கன்னித்தாயின் பிரசவ வேதனையை இத்தனை பரிவோடு சொல்லும் பகுதி உலக வேதங்களில் அரிது.

பேரீச்சம்பழம் கனிவது வெயிற்காலத்தில். ஆகவே டிசம்பர்ப் பிறப்பு பொருந்தாது என்று நம்மவருள் சிலர் வாதிடுவதுண்டு. இந்த வாதம் செய்வோர் நம் விரிவுரையாளர்களைப் படித்ததில்லை போலும்! 'அல்-கஷ்ஷாஃப்' ஆசிரியர் ஸமக்ஷரீ அவர்கள், அம்மரம் தலையும் பசுமையும் காயும் இல்லாத காய்ந்த அடிமரம் என்றும், அது குளிர்காலம் என்றும் எழுதுகிறார். பட்ட மரம் குளிர்காலத்தில் கனி தந்ததே அங்கு நிகழ்ந்த அற்புதம் என்பது அவர் விளக்கம். பிறந்த நாள் எது என்பதைத் திருமறை கூறவில்லை. கிறித்தவர்களின் நான்கு சுவிசேஷங்களுள் பிறப்பை விவரிப்பவை மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டே. அவையும் நாளைக் குறிக்கவில்லை.

இந்த அத்தியாயம் ஒரு கிறித்தவ அரசவையில் ஓதப்பட்ட வரலாறும் உண்டு. மக்காக் குறைஷியரின் கொடுமை தாளாமல் கி.பி. 615 அளவில் முஸ்லிம்கள் சிலர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தனர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு கேட்கக் குறைஷியர் தூதர்களை அனுப்பினர். நஜ்ஜாஷி மன்னர் விளக்கம் கேட்டபோது, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார்கள். மன்னரின் தாடி நனையும் அளவுக்குக் கண்ணீர் பெருகிற்று, அருகிருந்த மதகுருமாரும் அழுதனர் என்று உம்மு ஸலமா (ரலி) அம்மையார் வாயிலாக இப்னு இஸ்ஹாக் அறிவிக்கிறார். அகதிகளைக் கையளிக்க மன்னர் மறுத்துவிட்டார். முஸ்லிம்கள் பெற்ற முதல் அடைக்கலம், ஈசா நபியின் பிறப்பைச் சொல்லும் வசனங்களைக் கேட்டுக் கண்கலங்கிய ஒரு கிறித்தவரின் நாட்டில் கிடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாள் குறிக்கப்பட்ட வரலாறு

முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறித்தவர்களுக்குப் பெருநாளாக இருந்தது உயிர்த்தெழுந்த நாளாகிய பாஸ்கா. பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் பின்னரே வந்தது. டிசம்பர் 25-ஐப் பிறந்தநாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, ரோம் நகரில் 354-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்குறிப்பேடு. அதிலுள்ள செய்தி 336-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் என்பர் அறிஞர்.

ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 274-ஆம் ஆண்டு ஔரேலியன் என்னும் ரோமப் பேரரசன் வெல்லற்கரிய சூரியன் என்னும் தெய்வத்திற்குக் கோயில் எழுப்பினான். அந்தச் சூரிய விழாவின் இடத்தைக் கிறித்தவத் திருநாள் எடுத்துக்கொண்டது என்பர் ஒரு சாரார். மார்ச் 25-இல் கருவுற்றார் என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணி டிசம்பர் 25-ஐ அடைந்தனர் என்பர் மற்றொரு சாரார். கிழக்குத் திருச்சபைகளோ சனவரி 6-ஐயே பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் உரிய நாளாகக் கொண்டிருந்தன. அந்தியோக்கியா நகரில் 386-ஆம் ஆண்டு யோவான் கிறிசோஸ்தம் என்னும் புகழ்பெற்ற பேச்சாளர், டிசம்பர் 25-ஐ ஏற்றுக்கொள்ளுமாறு மக்களை வேண்டிச் சொற்பொழிவாற்றினார். எருசலேம் திருச்சபை ஆறாம் நூற்றாண்டு வரை இணங்கவில்லை. ஆர்மீனியர் இன்றளவும் சனவரி 6-ஐ விடவில்லை.

இதன்மேல் நாட்காட்டிச் சிக்கலும் வந்து சேர்ந்தது. ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டியில் ஆண்டின் நீளம் சிறிது மிகையாக இருந்தமையால், நூற்றாண்டுகள் கடக்கக் கடக்க நாள்கள் பிறழ்ந்தன. 1582-ஆம் ஆண்டில் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதனைத் திருத்தி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். கிழக்குத் திருச்சபைகள் பல இத்திருத்தத்தை வழிபாட்டு நாள்களுக்கு ஏற்கவில்லை. இரு நாட்காட்டிகளுக்கும் இன்று 13 நாள் வேறுபாடு. ஆகவே பழைய கணக்கின் டிசம்பர் 25 நமக்குச் சனவரி 7 ஆகிறது. நாள் ஒன்றுதான், எண்ணும் முறைதான் இரண்டு. பிறை காண்பதிலும் கணக்கிடுவதிலும் நம்மிடையே எழும் கருத்து வேறுபாட்டை எண்ணிப் பார்ப்போர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

பைத்துலஹ்மில் மூன்று திருநாள்கள்

இவ்வேறுபாடு ஒரே கூரையின் கீழ்க் காணக்கிடைக்கும் இடம் பைத்துலஹ்ம். அங்குள்ள பிறப்புத் தேவாலயம் கான்ஸ்டன்டைன் பேரரசன் காலத்தில் எழுப்பப்பட்டு 339-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் காலத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. குனிந்தே நுழையக்கூடிய அதன் சிறுவாயில் புகழ்பெற்றது. டிசம்பர் 24 இரவில் கத்தோலிக்கரும், சனவரி 6 இரவில் கிரேக்க வைதீகத் திருச்சபையினரும், சனவரி 18 இரவில் ஆர்மீனியரும் அங்குத் திருவிழா எடுக்கின்றனர். ஆர்மீனியரின் சனவரி 6 பழைய நாட்காட்டிப்படி 13 நாள் தள்ளி வருவதால் இந்த மூன்றாம் நாள் ஏற்படுகிறது.

ஹிஜ்ரி 17-ஐ ஒட்டி பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களின் ஆட்சியின் கீழ் வந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துலஹ்முக்கும் சென்றார்கள். இதனை எழுதியவர் ஒரு கிறித்தவர். அலெக்சாந்திரியாவின் மதத்தலைவராக இருந்து 940-இல் மறைந்த ஸஈத் இப்னு பத்ரீக். உமர் (ரலி) அவர்கள் தேவாலயத்தின் தென்புற வளைவில் தொழுததாகவும், முஸ்லிம்கள் அங்குத் தனித்தனியே மட்டும் தொழலாம், கூட்டுத்தொழுகை நடத்தலாகாது, பாங்கு சொல்லலாகாது என்று எழுதிக் கொடுத்ததாகவும் அரபு மொழியில் எழுதிய தம் வரலாற்றில் அவர் கூறுகிறார். தம் காலத்தில் அவ்வுடன்படிக்கை மீறப்பட்டதையும் அவர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். உமர் (ரலி) அவர்களின் நீதியைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அடுத்த வரியையும் படித்தாக வேண்டும். வாக்குறுதி கொடுத்தவர் சிறந்தவராயிருப்பது மட்டும் போதாது. காப்பாற்றும் கடமை பின்வருவோர் அனைவருக்கும் உண்டு.

அத்தேவாலயத்தின் எதிரே, சதுக்கத்திற்கு மறுபுறம், உமர் (ரலி) அவர்களின் பெயரால் பள்ளிவாசல் நிற்கிறது. 1860-ஆம் ஆண்டு அது கட்டப்பட்டபோது அதற்கான நிலத்தை வழங்கியது கிரேக்கத் திருச்சபை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், தேவாலயக் குகையில் பிறப்பிடத்தைக் குறிக்கப் பதித்திருந்த பதினான்கு முனை வெள்ளி விண்மீன் 1847-இல் களவு போயிற்று. அதுபற்றிக் கத்தோலிக்கருக்கும் கிரேக்கருக்கும் மூண்ட பூசல் பிரான்சையும் ருசியாவையும் இழுத்துவந்தது. 1853-இல் தொடங்கிய கிரிமியப் போரின் காரணங்களுள் அதுவும் ஒன்று. யாருக்கு எந்த வாயில், எந்த விளக்கு, எந்தப் படி என்பதை வரையறுத்து, உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று உதுமானிய சுல்தான் அப்துல் மஜீது 1852-இல் பிறப்பித்த ஆணையே இன்றளவும் அங்கு நடைமுறையில் இருக்கிறது.

நம் வரலாற்றாசிரியர்கள் கண்ட காட்சி

பைத்துல் முகத்தஸில் பிறந்த புவியியலறிஞர் அல்-மக்தஸீ, 985-ஆம் ஆண்டளவில் எழுதிய 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்னும் நூலில், ஷாம் நாட்டு முஸ்லிம்கள் பருவங்களைக் கணக்கிடக் கிறித்தவத் திருநாள்களையே அடையாளமாகக் கொண்டிருந்தனர் என்கிறார். பாஸ்கா வந்தால் நவ்ரோஸ், மீலாது வந்தால் கடுங்குளிர், பார்பரா நாள் வந்தால் மழை, சிலுவைத் திருநாள் வந்தால் திராட்சை அறுவடை என்று அவர் அடுக்குகிறார். பார்பரா நாள் வந்துவிட்டால் கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுப் புல்லாங்குழலை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருள்படும் ஊர்ப் பழமொழியையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். மழையில் சுவர் எழுப்ப முடியாது; வீட்டிலிருந்து குழல் ஊதலாம் என்பது கருத்து. ஹிஜ்ரி மாதங்கள் பருவத்தோடு ஒட்டி வாரா. விதைப்புக்கும் அறுப்புக்கும் சூரியக் கணக்கு தேவைப்பட்டது. அண்டைவீட்டாரின் திருநாள் அதற்கு உதவிற்று.

எகிப்தில் ஞானஸ்நானத் திருநாளை 'ஃகிதாஸ்' என்பர். ஹிஜ்ரி 330-இல் அவ்விரவைத் தாம் நேரில் கண்டதாக வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி எழுதுகிறார். ஆட்சியாளர் இக்ஷீத் நைல் நதித் தீவிலிருந்த மாளிகையில் தங்கி, கரைகளில் ஆயிரம் தீவட்டிகளை ஏற்றச் செய்தார். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இலட்சக்கணக்கில் படகுகளிலும் கரைகளிலும் திரண்டனர். அவ்விரவில் தெருக்கதவுகள் அடைக்கப்படவில்லை. நோய் அணுகாது என்ற நம்பிக்கையில் மக்கள் நைலில் மூழ்கி எழுந்தனர். எகிப்தின் இரவுகளுள் அழகானது அதுவே என்பது அவர் கருத்து.

அபூரைஹான் அல்-பீரூனி 1000-ஆம் ஆண்டளவில் இயற்றிய 'அல்-ஆஸாருல் பாகியா' என்னும் நூலில், யூதர், கிறித்தவர், பாரசீகர் முதலிய சமுதாயங்களின் திருநாள்களை அட்டவணையிட்டுத் தந்திருக்கிறார். வெறுப்போ புகழ்ச்சியோ கலவாமல், வானநூல் அறிஞருக்கேயுரிய நிதானத்தோடு அவர் ஒவ்வொன்றையும் குறித்துச் செல்கிறார்.

இவர்கள் எல்லாரினும் விரிவாக எழுதியவர் தகியுத்தீன் அல்-மக்ரீஸி. கெய்ரோவில் 1364-இல் பிறந்து 1442-இல் மறைந்த இவர் ஹதீஸ் கலையில் தேர்ந்தவர். கெய்ரோச் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியையும் வகித்தவர். ஆகவே சந்தையில் என்ன விற்றது, எவ்வளவுக்கு விற்றது என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் இலர். 'கிதத்' என்று சுருக்கமாக வழங்கும் அவரது பெருநூலில், கிப்தியரின் கீஹக் மாதம் 29-ஆம் நாள் வரும் மீலாதைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன.

முதலாவது, பாத்திமிய்யா கலீஃபாக்களின் அரசு மீலாது நாளில் அதிகாரிகளுக்குப் பரிசுகள் வழங்கிற்று. கெய்ரோ இனிப்புகள் நிறைந்த தட்டுகளும், ஜுலாப் என்னும் இன்சுவை நீரும், ஸலாபியா என்னும் எண்ணெயில் பொரித்த இனிப்பும், பூரி என்னும் மீனும் அப்பரிசில் அடங்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மவ்லிதன்றும் அதே அரசு இனிப்பு வழங்கியது என்பதையும் அவர் வாயிலாகவே நாம் அறிகிறோம்.

இரண்டாவது, அவர் தம் காலத்தில் கண்டது. மீலாது நாளில் எகிப்து முழுவதும் வண்ணம் தீட்டிய மெழுகுவிளக்குகள் கணக்கற்று விற்றன. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் தம் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் அவற்றை வாங்கினர். அவ்விளக்கின் பெயர் ஃபானூஸ். கடைத்தெருவெங்கும் அவை தொங்கவிடப்பட்டன. தெருவில் இரப்போரும் காசு கேளாமல் ஒரு ஃபானூஸ் வாங்கித் தருமாறு கேட்பர். ஒரு திர்ஹம் அளவு விலையுள்ள சிறிய விளக்கு அவர்களுக்குக் கிடைக்கும். எகிப்தின் நிலை சீர்கெட்டபோது அவ்வழக்கமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது என்று அவர் முடிக்கிறார்.

இன்று ஃபானூஸ் என்றால் எவருக்கும் நினைவுக்கு வருவது ரமளான். நோன்பு மாதத்தில் கெய்ரோத் தெருக்களில் தொங்கும் அவ்விளக்கு இப்போது உலகெங்குமுள்ள முஸ்லிம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. மீலாது விளக்கே ரமளான் விளக்காயிற்று என்று நாம் துணிந்து கூற வரவில்லை. அதே பெயருடைய விளக்கு, அதே கடைத்தெருவில், இரு சமுதாயத்தாரின் பிள்ளைகள் கைகளிலும் ஒளிர்ந்திருக்கிறது என்பதற்கு ஹதீஸ் அறிஞர் ஒருவர் சான்று கூறுகிறார். அது போதும். இபாதத் வேறு, ஆதத் வேறு என்று நம் மதரசாக்களில் கற்பிக்கிறோம். வணக்கம் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் தனித்தனி. விளக்கும் இனிப்பும் ஊராருக்குப் பொது.

கிழக்கு நாடுகளின் வழக்கங்கள்

எகிப்தின் கிப்தியக் கிறித்தவர் திருநாளுக்கு முன் 43 நாள் நோன்பு இருக்கின்றனர். இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகின்றனர், மீன் உண்பதுண்டு. சனவரி 6 நள்ளிரவு வழிபாடு முடிந்து நோன்பு திறக்கும்போது சோறும் ரொட்டியும் இறைச்சியும் சேர்ந்த ஃபத்தா உணவு இடம்பெறும். அதே ஃபத்தா எகிப்திய முஸ்லிம்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் உணவு. சனவரி 7 நாட்டின் பொது விடுமுறையாக 2002-இல் அறிவிக்கப்பட்டது.

நஜ்ஜாஷி மன்னரின் மண்ணாகிய எத்தியோப்பியாவில் இத்திருநாளின் பெயர் 'கன்னா'. வெள்ளாடை அணிந்து தேவாலயங்களுக்குச் செல்வர். வளைந்த கோலால் பந்தடிக்கும் ஆட்டத்துக்கும் கன்னா என்றே பெயர். பாறையைக் குடைந்து அமைத்த 11 தேவாலயங்களைக் கொண்ட லாலிபெலா நகரில் அன்று யாத்திரிகர் கூட்டம் அலைமோதும்.

இராக்கில் திருநாளுக்கு முன்னிரவில் முட்செடிகளைக் குவித்துத் தீ மூட்டுவது பழைய வழக்கம். பேரீச்சம்பழத்தை உள்ளே வைத்துச் சுடும் 'கிலைச்சா' அங்கு மீலாதுக்கும் உண்டு, நம் இரு பெருநாள்களுக்கும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் டிசம்பர் 25 இராக் முழுமைக்கும் விடுமுறையாக்கப்பட்டது. லெபனானில் குழந்தை பிறந்த வீட்டில் அரிசிமாவும் கருவாப்பட்டையும் சேர்த்து 'முக்லீ' என்னும் இனிப்புக் கூழ் காய்ச்சி வந்தவர்க்கெல்லாம் கொடுப்பர். முஸ்லிம் வீடானாலும் கிறித்தவ வீடானாலும் இதுவே மரபு. மீலாதன்று கிறித்தவர் வீடுகளில் அதே முக்லீ காய்ச்சப்படுகிறது. ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு அலங்காரம் தேவைப்படவில்லை.

மேற்கின் அலங்காரமும் தடையும்

மேற்கு நாடுகளின் வழக்கங்கள் காலத்தால் பிந்தியவை. மாட்டுத்தொழுவக் காட்சியை அமைத்துக் காட்டும் வழக்கம், 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் பிரான்சிஸ் துறவி செய்ததிலிருந்து பரவிற்று. மரத்தை அலங்கரிப்பது ஜெர்மானிய நிலங்களில் 16-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் காலத்தில் அது புகழ்பெற்றது. 1848-இல் அரச குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் பத்திரிகையில் வெளிவந்தபின் வீடுதோறும் பரவியது. பரிசளிக்கும் தாத்தாவின் மூலவர் நிக்கோலாஸ், நான்காம் நூற்றாண்டில் மிரா நகரின் ஆயராக இருந்தவர். அவ்வூர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. பனிநாட்டுக் கிழவராக அவரை மாற்றியவர்கள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்கள்.

கிறித்தவருள்ளேயே இத்திருநாளை எதிர்த்தவரும் உண்டு. வேதத்தில் ஆதாரமில்லாத புதுமை, குடிக்கும் கும்மாளத்துக்கும் வழிவகுப்பது என்று கூறி, தூய்மைவாதிகள் நிறைந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-இல் அதனை ஒழித்து ஆணையிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அந்நாளைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கச் சட்டம் இருந்தது. ஸ்காத்லாந்தில் 1958-இல்தான் அது பொது விடுமுறையாயிற்று. நபி பிறந்தநாளைக் கொண்டாடலாமா, அது பித்அத்தா என்று நம் ஊர்களில் நடந்த நீண்ட வாதங்களைக் கேட்டவர்களுக்கு இவர்களது வாதமும் புரியும். ஒரு பெரியாரின் பிறப்பை நினைவுகூர்வதில் அன்பு எங்கே முடிகிறது, அத்துமீறல் எங்கே தொடங்குகிறது என்ற வினா எல்லாச் சமுதாயங்களையும் எதிர்கொண்டிருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

வரலாற்றின் கறைபடிந்த ஏடுகளையும் நாம் புரட்டியாக வேண்டும். இனிப்பு வழங்கிய அதே பாத்திமிய்யா மரபில் வந்த அல்-ஹாக்கிம், 1009-இல் எருசலேம் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் செய்தார்; ஃகிதாஸ் விழாவையும் தடுத்தார். மக்களின் கலப்பைக் கடுமையாகக் கண்டித்த அறிஞர்களும் இருந்தனர். 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா அவர்கள், பிற சமயத்தாரின் திருநாள்களில் முஸ்லிம்கள் கலந்துகொள்வதைத் தடுத்துத் தனிநூலே எழுதினார்கள். மார்க்கத்தின் தனித்தன்மை கரைந்துவிடலாகாது என்ற அவர்களின் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. வணக்கத்தில் கலப்பு வேண்டாம் என்பதே நம் நிலையும் ஆகும்.

ஆனால் அந்த எச்சரிக்கை, அண்டைவீட்டாரை அறியாமலிருக்க நமக்குத் தரப்பட்ட அனுமதியன்று. நஜ்ரான் கிறித்தவக் குழுவினர் மதீனாவுக்கு வந்தபோது, தொழும் நேரம் வரவே அவர்கள் நபியவர்களின் பள்ளியிலேயே கிழக்கு நோக்கி வணங்கினர். தடுக்க முனைந்தோரை நிறுத்தி, விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக இப்னு இஸ்ஹாக் அறிவிக்கிறார். கொள்கையில் அவர்களோடு நபியவர்கள் விவாதித்ததும் அதே பயணத்தில்தான். விவாதமும் உண்டு, விருந்தோம்பலும் உண்டு. நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி வழங்குவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயம் எடுத்துரைக்கிறது.

அறியாமையின் விலை சிறியதன்று. கிறிஸ்துமஸ் என்றால் மேற்கு, மேற்கு என்றால் கிறிஸ்துமஸ் என்று எண்ணிவிட்டால், பைத்துலஹ்மிலும் கெய்ரோவிலும் மூஸலிலும் அரபு மொழியில் இறைவனைத் துதிக்கும் இலட்சக்கணக்கான மக்கள் நம் கண்ணில் படாமலே போய்விடுவர். 2023-ஆம் ஆண்டு காஸாவில் குண்டுமழை பொழிந்தபோது, பைத்துலஹ்மின் திருச்சபைகள் விளக்கலங்காரங்களைக் கைவிட்டன, 2024-லும் அவ்வாறே. ஒரு தேவாலயத்தில், இடிபாட்டுக் கற்குவியலின் நடுவே பாலஸ்தீனத் தலைத்துணியில் சுற்றிய குழந்தையின் உருவை வைத்தனர். முஸ்லிம் குழந்தைகளும் கிறித்தவக் குழந்தைகளும் ஒருசேர மடிந்த நாள்களில், தங்கள் திருநாளின் மகிழ்ச்சியைத் துறந்து துக்கம் காத்தவர்கள் அவர்கள். அவர்களை ஐரோப்பியர் என்று எண்ணும் முஸ்லிம், தன் சொந்த உறவினரை அடையாளம் தெரியாதவன் ஆவான்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்ல விழைவது இது. டிசம்பரில் பிள்ளைகள் கேள்வி கேட்டால், அது நமக்கு உரியதன்று என்ற ஒரே சொல்லோடு வாயை அடைத்துவிடாதீர்கள். மர்யம் அத்தியாயத்தை எடுத்து, பட்ட மரம் கனி உதிர்த்த வரலாற்றைப் பொருளோடு படித்துக் காட்டுங்கள். நஜ்ஜாஷி மன்னரின் கண்ணீரைச் சொல்லுங்கள். உமர் (ரலி) அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கையும், அதனை மீறியவர் பழி சுமந்ததையும் சொல்லுங்கள். நம் கொள்கை எது, அவர்கள் கொள்கை எது என்பதை ஒளிக்காமல் விளக்குங்கள். ரமளானில் பிள்ளை ஒரு ஃபானூஸ் விளக்கைக் கையில் ஏந்தும்போது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோத் தெருவில் ஓர் ஏழை அதே விளக்கை மீலாது நாளில் கேட்டுப் பெற்றான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈமான் உறுதியாயிருக்கும் உள்ளத்தில் இந்த அறிவுக்கு இடமுண்டு.

அல்லாஹ் அனைத்தையும் நன்கறிந்தவன்.